கிரானைப் பார், காடியின் அடியைப் பார்: சத்ரியா ஜிடிஐக்கு எது நியாய விலை?

பழைய ஸ்போர்ட்ஸ் காடி வாங்கும் ஆசை இருக்கிறதா? புரோட்டோன் சத்ரியா ஜிடிஐயைத் தேடுங்கள்! புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எங்கள் வட்டாரத்தில் எங்கே ஒன்று விலைக்கு வந்தாலும் நான் போய் நின்றுவிடுவேன். அதை ஓட்டுவது ஒரு சுகம் என்றால், அதன் சரியான விலையைக் கண்டுபிடிப்பது இன்னொரு சுகம்.

1996இல் புரோட்டோன் நிறுவனம் இங்கிலாந்தின் லோட்டஸைத் தன்வசமாக்கியது. 1998இல் ஜிடிஐ வந்தது. மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இரட்டை கேம் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், ரெக்காரோ இருக்கைகள், மோமோ ஸ்டீயரிங், லோட்டஸ் செதுக்கித் தந்த சஸ்பென்ஷன். வளைவில் திருப்பினால் சொன்ன பேச்சு கேட்கும்! நம் நாட்டில் செய்த காடி என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல இதைவிட என்ன வேண்டும்?

இந்தப் புகழால்தான் நகல்களும் பெருகின. இதே எஞ்சின் புரோட்டோனின் புத்ராவிலும் வீரா 1.8இலும் உண்டு. அதைக் கழற்றிச் சாதாரண சத்ரியாவில் பூட்டி, ஜிடிஐ பம்பரும் மாட்டிவிட்டால் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது. ஆகவே போனதும் பானெட்டைத் திறக்காதீர்கள். "அண்ணே, முதல்ல கிரானைக் காட்டுங்க" என்று கேளுங்கள். கிரான் என்பது காடியின் பதிவுப் பத்திரம். அசல் ஜிடிஐ 1834 சிசி. தீபகற்ப மலேசியாவில் அதன் ஆண்டு ரோட் டேக்ஸ் 297 ரிங்கிட். சாதாரண 1.5, 1.6 சத்ரியாவுக்கு 90 ரிங்கிட்தான். அந்தத் தொகையைக் கேட்டாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும்! எஞ்சினை மாற்றி முறையாகப் பதிந்தவர்களும் உண்டு என்பதால், மாடல் பெயர், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் கிரானோடு ஒத்துப் பாருங்கள். உரிமை மாற்றத்துக்கு முன் நடக்கும் புஸ்பாகாம் சோதனையிலும் இந்த எண்களைத்தான் பார்ப்பார்கள். சோதனையில் தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து காடியின் அடிப்பகுதி. இங்கே கடற்காற்று உண்டு, தோட்டத்துச் செம்மண்ணும் உண்டு. உப்பும் ஈரமண்ணும் சேர்ந்து இரும்பை அரிக்கும். நல்ல போமனை (மெக்கானிக்கை) அழைத்துப் போய் ஜாக்கியில் தூக்கச் சொல்லுங்கள். துருவை அடைக்கும் செலவு பெயிண்ட் செலவைவிடப் பயங்கரம். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று ரசீதோடு கேளுங்கள். அது அறுந்தால் வால்வுகள் வளைந்து எஞ்சினே படுத்துவிடும்.

ஓட்டிப் பார்க்க எங்கள் ஊரைப்போல வாய்ப்பான இடம் ஏது! பெஸ்தாரி ஜெயா பக்கம் சதுப்பு மண்மேல் போட்ட சாலைகள் அலை அலையாய் ஏறி இறங்கும். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அதில் நிதானமாகப் போனால், தேய்ந்த புஷ் ஒவ்வொன்றும் சத்தம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஈஜோக்கில் லாத்தார் நெடுஞ்சாலை ஏறுங்கள். அந்த வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா, மூன்றாம் கியர் உரசுகிறதா என்று தெரிந்துவிடும்.

இனி கணக்கு. விளம்பரத்தில் போட்டிருப்பது விற்பவரின் ஆசை விலை. அசல் என்று உறுதியான காடிகளின் விலைகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதிலிருந்து துரு, புஷ், பெல்ட், கிளட்ச் வேலைகளுக்குப் போமன் சொல்லும் தொகையைக் கழியுங்கள். புது ரிம், பெரிய சத்தம் போடும் எக்ஸாஸ்ட், கலர் விளக்கு இவற்றுக்கு ஒரு வெள்ளிகூடக் கூட்டாதீர்கள். கிழியாத அசல் ரெக்காரோவுக்குத் தாராளமாகக் கூட்டுங்கள், அது சும்மா கிடைக்காது! 2004இல் வந்த சத்ரியா ஆர்3 என்று யாராவது சொன்னால் இன்னும் கவனம் தேவை. செய்ததே 150 காடிகள்தான். ஆதாரம் இல்லாமல் அந்த விலையைப் பேசவே கூடாது.

இவ்வளவு வயதான காடிக்குக் கடன் கிடைப்பது கஷ்டம். ரொக்கத்தோடு போகும் உங்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். ஆனால் ஒன்று சொல்கிறேன்: கிரான் சுத்தம், அடிப்பகுதி சுத்தம், ரசீதுகள் வரிசையாக இருக்கின்றன, உங்கள் கணக்கும் கேட்ட விலைக்குப் பக்கத்தில் வருகிறது என்றால், ஐந்நூறு வெள்ளிக்காக இழுத்தடிக்காதீர்கள். இத்தனை ஆண்டு ஒழுங்காக வைத்திருந்தவரின் உழைப்பும் அந்த விலையில் சேர்ந்ததுதான். இந்தக் காடியை இனி எந்தத் தொழிற்சாலையும் செய்யப்போவதில்லை. கொடுத்து வாங்குங்கள்!