உழைப்புக்கு இசைவு, அதிகாரத்திற்கு ஐயம்: சாத்தூர் வட்டாரத்தை முன்வைத்துப் பெண்ணியம் குறித்த தவறான புரிதல்கள்

முன்னுரை

பெண்ணியம் மேற்கிலிருந்து வந்தது, ஆண்களுக்கு எதிரானது, குடும்பத்தைக் குலைப்பது என்னும் மூன்று கருத்துகள் தமிழ்ச் சூழலில் தொடர்ந்து வழங்கிவருகின்றன. முதலிரண்டையும் வரலாறே மறுக்கிறது. பெண்களுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் நிறைவேற்றியது. ஆண்களும் பெண்களும் சேர்ந்து எழுப்பிய கோரிக்கை அது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சம பங்கு வழங்கியது. மூன்றாவது கருத்தை ஆராய்வதற்குச் சாத்தூர் வட்டாரம் பொருத்தமான களமாகும்.

உழைப்பும் அதிகாரமும்

வானம் பார்த்த கரிசல் நிலமான சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் பல குடும்பங்களைத் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் தாங்குகின்றன. தீப்பெட்டித் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பெண்களே. வெடிவிபத்து அச்சம் நீங்காத பட்டாசு ஆலைகளுக்கும் பெண்கள் நாள்தோறும் வேலைக்குச் செல்கின்றனர். இதனால் குடும்பம் குலையும் என்று எவரும் வாதிடுவதில்லை. அதே பெண் ஊராட்சித் தலைவராகும்போது மட்டும் வீடு, குழந்தை, மரபு ஆகியன தடைகளாகச் சுட்டப்படுகின்றன. எனவே, எதிர்ப்பு பெண் வெளியே செல்வதற்கன்று. அவள் முடிவெடுப்பதற்கே என்பது புலனாகிறது.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. 2016இல் அதனை 50 விழுக்காடாக உயர்த்தச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் பெண் தலைவரின் கணவரைத் 'தலைவர்' என அழைத்து, அவரிடமே ஊர்க் காரியம் பேசும் வழக்கம் பல ஊர்களில் நீடிக்கிறது. கணவர் அதிகாரத்தைக் கைக்கொள்வதைக் காட்டி, இட ஒதுக்கீடு தோற்றது என்பர். பறித்தவரின் குற்றம் இங்குப் பறிகொடுத்தவரின் தகுதிக்குறைவாக மாற்றப்படுகிறது. தாமே செயல்பட்ட பெண்கள் பெற்ற எதிர்வினையும் மறக்கத்தக்கதன்று. குடிநீருக்காகப் போராடிய மதுரை வில்லாபுரம் மாமன்ற உறுப்பினர் லீலாவதி 1997இல் கொலை செய்யப்பட்டார்.

இரு முத்திரைகள்

1957, 1962 தேர்தல்களில் சாத்தூர்த் தொகுதியில் வென்றவர் காமராசர். 1966இல் காங்கிரசுத் தலைவராக இருந்த அவர், இந்திரா காந்தி பிரதமராக வழிவகுத்தார். இந்திரா தம் சொற்படி நடப்பார் என்று கட்சியின் மூத்தோர் பலர் எண்ணினர். ராம் மனோகர் லோகியா அவரை 'ஊமைப் பொம்மை' என எள்ளினார். பின்னர் அவர் உறுதி காட்டியபோது, 'அமைச்சரவையின் ஒரே ஆண்' என்னும் புகழுரை வழங்கலாயிற்று. மென்மை பெண்ணுக்கு, ஆற்றல் ஆணுக்கு என்னும் ஒரே கருத்தே இகழ்ச்சியிலும் புகழ்ச்சியிலும் இயங்குகிறது. 1975இல் அவர் அறிவித்த நெருக்கடிநிலை கடும் கண்டனத்திற்குரியது. அக்கண்டனம் கைதுகளையும் பத்திரிகைத் தணிக்கையையும் சார்ந்திருக்க வேண்டும். பெண்கையில் அதிகாரம் தந்தால் இப்படித்தான் என்பது திறனாய்வாகாது. ஆண் சர்வாதிகாரிகளைக் கொண்டு ஆணினத்தை எவரும் அளப்பதில்லை.

முடிவுரை

அதிகாரத்திலுள்ள பெண்ணுக்குப் பெண்ணியம் விமர்சன விலக்குக் கோரவில்லை. ஆணுக்குரிய அதே அளவுகோலைக் கோருகிறது. ஒரு பெண் பதவியில் அமர்வதனாலேயே பெண்ணியம் நிறைவேறிவிடுவதுமில்லை. தீப்பெட்டி ஆலைப் பெண்ணின் கூலி, பாதுகாப்பு, ஓய்வு ஆகியவற்றை முடிவுசெய்யும் இடங்களில் அப்பெண்ணின் குரலுக்கு இடமுண்டா என்பதே உண்மையான அளவுகோல். அவ்வகையில், அவளது உழைப்பை இயல்பெனக் கொள்ளும் சமூகம் அவளது கையொப்பத்தையும் இயல்பெனக் கொள்ளும் நிலையே பெண்ணியத்தின் இலக்கு எனலாம்.