ஏணியின் நடுப்படி: பாடத்திட்டமும் தோட்டத்துப் பிள்ளையும்

ஒரு நாட்டின் பாடத்திட்டத்தை மற்றொரு நாட்டின் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுவோர் பெரும்பாலும் பாடங்களின் பட்டியலையே ஒப்பிடுகின்றனர். கணிதத்துக்கு எத்தனை மணி, அறிவியல் எந்த வகுப்பில் தொடங்குகிறது, இரண்டாம் மொழி எப்போது வருகிறது என்று வரிசைப்படுத்தி, எதில் மிகுதி உண்டோ அதுவே சிறந்தது என முடிவு கட்டுகின்றனர். இம்முறை எளிது, பயனோ குறைவு. பாடத்திட்டம் ஏணி போன்றது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கால் எட்டுகின்றதா என்பதைக் கொண்டே ஏணியை மதித்தல் வேண்டும். பேராக் மாநிலத்துத் தமிழ்ப் பள்ளிகளின் வரலாற்றை இவ்வளவுகோலால் அளந்து, தமிழ் கற்பிக்கும் பிற நாடுகளோடு வைத்து நோக்கின், கல்விக் கொள்கையின் குறை எவ்விடத்தில் உள்ளது என்பது விளங்கும்.

மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் மிகுதியாக உள்ள மாநிலம் பேராக். இன்றும் அங்கு 130-க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் நடைபெறுகின்றன. ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட், தெற்கே தாப்பா, பீடோர், கடலோரப் பக்கம் தெலுக் இந்தான், பாகான் டத்தோ என்று பரவிக் கிடந்த ரப்பர், தென்னைத் தோட்டங்களே இவற்றுட் பலவற்றுக்குப் பிறப்பிடம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டந்தோறும் பள்ளி வைத்தல் வேண்டும் எனத் தோட்ட உரிமையாளரைப் பணித்தது. ஆனால் அப்பள்ளியில் யாது கற்பிக்கப்படும், அதன்பின் பிள்ளை எங்குச் செல்லும் என்பன பற்றி அச்சட்டம் கவலை கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டகை இருந்தது. ஆசிரியர் என்று எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தார். சில தோட்டங்களிற் கிராணியோ கங்காணியோ அப்பணியையும் சேர்த்துப் பார்த்ததுண்டு. பாடநூல்கள் சென்னையிலிருந்து வந்தன. பால்மரங்களுக்கு நடுவே பிறந்த பிள்ளை காவிரியையும் வைகையையும் படித்தது. பேராக் ஆறு அதன் பாடத்தில் இல்லை.

அப்பாடத்திட்டத்தில் எழுதப்படாத விதி ஒன்றும் இருந்தது. பிள்ளை வளர்ந்ததும் பெற்றோரின் தொழிலுக்கே திரும்பும் என்பதே அது. மேற்படி வேண்டும் என்ற எண்ணமே இல்லாதபோது ஏணி எதற்கு? ஒற்றைப் படியே போதும் என்று கருதப்பட்டது.

இவ்வெண்ணம் மலாயாவுக்கு மட்டும் உரியதன்று. சென்னை மாநிலத்தில் 1953-ஆம் ஆண்டில் இராசாசி அமைச்சரவை கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம், நாட்டுப்புறப் பள்ளி நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதிற் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்றல் நன்று என்றது. மக்கள் அதனைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதலமைச்சரான பின் அது கைவிடப்பட்டது. சென்னையில் அது அரசாங்க ஆணையாக எழுத்தில் இருந்தது. ஆதலின் எதிர்க்கவும் நீக்கவும் முடிந்தது. தோட்டங்களிலோ அதுவே எழுதாத வழக்காக இருந்தது. எதிர்ப்பதற்கு ஓர் ஆணைகூட இல்லாமையால், பல தலைமுறைகள் அதற்கு உட்பட்டே வாழ்ந்தன.

இலங்கையின் நிலை வேறொரு பாடம் புகட்டுகின்றது. கன்னங்கரா தலைமையிலான குழு 1943-இல் அளித்த அறிக்கையின் பயனாக 1945-இல் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழிவழிக் கல்வி படிப்படியாக மேல் வகுப்புகளுக்கு உயர்ந்து, தமிழிலேயே பல்கலைக்கழகம் வரை கற்க வழி பிறந்தது. தமிழ்வழிக் கல்விக்கு இதனினும் முழுமையான ஏணி மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ அமையவில்லை. ஆயினும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டப் பள்ளிகள் அவ்வமைப்புக்கு வெளியே நெடுங்காலம் நின்றன. 1970-களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை சிறிது சிறிதாக அரசாங்கப் பொறுப்பில் வந்தன. ஏணி உயரமாக இருந்தும் தோட்டத்துப் பிள்ளையின் கால் அதன் முதற்படிக்கே எட்டவில்லை.

மலாயாவில் நேர்ந்தது இதற்கு மறுதலை. 1951-இல் வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் பயிற்றுமொழிகளான ஒரே வகைத் தேசியப் பள்ளியை விரும்பியது. அதே ஆண்டில் வந்த ஃபென்-வூ அறிக்கை சீனப் பள்ளிகளின் சார்பில் வாதாடியது. இவ்விரண்டுக்கும் பின் 1956-இல் ரசாக் அறிக்கை ஒரு நடுவழி கண்டது. தொடக்கப் பள்ளியின் பயிற்றுமொழி வேறுபடலாம். கற்பிக்கப்படும் பொருள் பொதுவாதல் வேண்டும் என்பது அதன் சாரம். இக்கொள்கையின் நன்மையைக் குறைத்துக் கூறுதல் நேர்மையாகாது. தோட்டத்துப் பள்ளி நாட்டின் கல்வி முறையுள் இடம்பெற்றது இதனாலேயே. மலாயாவின் நிலமும் வரலாறும் தமிழிற் பாடமாயின. இலங்கையிற் பல ஆண்டுகள் எட்டாதிருந்த முதற்படி, ஈண்டுத் தோட்டத்துப் பிள்ளையின் காலடிக்கே வந்தது.

குறை அடுத்த படியில் உள்ளது. 1960-ஆம் ஆண்டு ரஹ்மான் தாலிப் அறிக்கையும், அதன்வழி வந்த 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் அரசாங்க உதவி பெறும் இடைநிலைப் பள்ளியின் பயிற்றுமொழியை நாட்டின் அதிகார மொழிகளுக்கே உரியதாக்கின. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு கற்ற பிள்ளை ஏழாம் ஆண்டில் வேறொரு மொழிக்குள் அடியெடுத்து வைக்க நேர்ந்தது. அதற்கு ஆயத்தமாகப் புகுமுக வகுப்பு என்னும் ஓராண்டு இடைநிலை பலருக்கு விதிக்கப்பட்டது. ஆறாண்டு தமிழிற் பெற்ற அறிவை ஏழாம் ஆண்டுப் பாடத்திட்டம் அடிப்படையாகக் கொள்ளவில்லை. அதனை ஈடுகட்ட வேண்டிய ஒரு குறையாகவே நடத்தியது.

இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகவேனும் உறுதிப்பட்டதா எனின், அதுவும் முழுமையாக இல்லை. பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது சட்டம். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இவ்வெண்ணிக்கையையே வைத்துக்கொண்டது. கேட்டாற் கிடைக்கும் என்பது உரிமை போலத் தோன்றும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று மரம் சீவும் தொழிலாளி, விண்ணப்பம் எழுதிப் பதினைந்து பேரைச் சேர்த்தாலன்றிக் கிடையாது என்பதே அதன் நடைமுறைப் பொருள். கிடைத்தவிடத்தும் பல பள்ளிகளில் அது வழக்கமான பாட நேரத்துக்குப் புறம்பாகவே நடத்தப்பட்டது.

சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு தெளிவாகும். அங்குத் தமிழ்வழிப் பள்ளிகள் மறைந்தன. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டதோடு தமிழ்வழி இடைநிலைக் கல்வி முடிவுற்றது. அது பெரிய இழப்பே. ஆயினும் தாய்மொழிப் பாடம் என்னும் வகையில் தமிழ் இடைநிலைப் பள்ளியின் தேர்வுப் பாடங்களுள் இடம்பெற்றுள்ளது. அதற்குப் பெற்றோர் பதினைந்து பேர் மனுக் கொடுக்க வேண்டியதில்லை. மலேசியாவில் தமிழ்வழித் தொடக்கக் கல்வி உண்டு, தொடர்ச்சிக்கு உறுதியில்லை. சிங்கப்பூரில் தொடர்ச்சி உண்டு, தமிழ்வழிக் கல்வி இல்லை. ஒன்றின் பெருமையைக் காட்டி மற்றொன்றின் குறையை மறைத்தல் ஒப்பாய்வு ஆகாது.

தொடர்ச்சி இன்மையின் விளைவைக் கலைச்சொற்களிற் காணலாம். கணிதமும் அறிவியலும் 2003 முதல் ஆங்கிலத்திற் கற்பிக்கப்பட்டன. அம்முறையைக் கைவிடும் முடிவு 2009-இல் அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. தமிழாசிரியர் பல்லாண்டு பழகிய சொற்களை ஒதுக்கிவைத்து மீண்டும் எடுக்க நேர்ந்தது. மீண்டும் எடுத்தவையும் ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகின்றன. ஒளிச்சேர்க்கை, ஈர்ப்பு விசை என்று கற்ற பிள்ளைக்கு அச்சொற்களை ஆளும் வகுப்பு அதன்பின் இல்லை. ஆளப்படாத சொல் மறக்கப்படும்.

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். தோட்டங்களே மறைந்துவிட்டன, ரப்பர் நின்ற இடத்திற் செம்பனையும் வீடமைப்பு மனைகளும் வந்துவிட்டன, மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர், ஆதலின் இவ்வாராய்ச்சி பழங்கதை என்பர். நாட்டின் தமிழ்ப் பள்ளிகள் 1957-இல் 900-க்குச் சற்றுக் குறைவாக இருந்து, இன்று ஏறத்தாழ 530 ஆகியிருப்பது உண்மையே. ஆனால் எஞ்சிய பள்ளிகள் பலவற்றின் பெயரில் தோட்டத்தைக் குறிக்கும் லாடாங் என்னும் மலாய்ச் சொல் இன்னும் நிற்கின்றது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துக்குத் திரும்பிச் செல்லத் தோட்டத்து வேலையும் இல்லை. அக்காலத்திற் படிப்பு நின்றாலும் பால்வாளி காத்திருந்தது. இக்காலத்திற் படிப்பு நின்றால் ஒன்றுமில்லை. ஆகவே இரண்டாம் படியின் தேவை முன்னையினும் மிகுந்துள்ளது.

நாட்டு ஒற்றுமைக்குப் பொதுமொழி வேண்டும் என்பதும் மறுக்கத்தக்கதன்று. மலாய்மொழியை நன்கு கற்றல் தமிழ்ப் பிள்ளைக்கு உரிமையும் கடமையும் ஆகும். அதற்குத் தமிழைக் கால அட்டவணைக்கு வெளியே நிறுத்துதல் எவ்வகையில் உதவும் என்பதை எவரும் நிறுவிக் காட்டவில்லை.

மேற்படிகள் இல்லாமலும் இல்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் உள்ளன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956-இல் தோன்றியது. பேராக்கிலேயே, தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய சுல்தான் இட்ரிசு கல்வியியற் பல்கலைக்கழகம் தமிழ் கற்பிப்போரையும் பயிற்றுவிக்கின்றது. கீழ்ப்படி உண்டு, மேற்படியும் உண்டு, ஆடிக்கொண்டிருப்பது நடுப்படியே. தமிழ்ப் பிள்ளைகள் போதிய அளவில் உள்ள இடைநிலைப் பள்ளிகளில் விண்ணப்பத்தை எதிர்பாராது பாட நேரத்துக்குள்ளேயே தமிழை வைத்தலும், அதற்கென ஆசிரியர் பணியிடம் ஒதுக்குதலும், ஆறாம் ஆண்டுப் பாடமும் ஏழாம் ஆண்டுப் பாடமும் ஒன்றன் தொடர்ச்சியாக மற்றொன்று அமையுமாறு இரு நிலை ஆசிரியரும் கூடி வகுத்தலும் உடனே செய்யத்தக்கவை. அதுவரை ஆறாம் ஆண்டு ஆசிரியர், தம் மாணவர் செல்லவிருக்கும் இடைநிலைப் பள்ளியிற் பதினைந்து பெயர் சேர்ந்துள்ளனவா என்று பள்ளியாண்டு முடியுமுன் கேட்டறிதல் நன்று.