அழுத்தாமல் அமரும் பிராசஸர்

மதர்போர்டில் சாக்கெட்டை நின்று ரசிப்பவர்கள் குறைவு. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள்: சல்லடைபோல 1331 பொடித் துளைகள். பிராசஸரின் அடியில் அதே எண்ணிக்கையில் பொன்முலாம் பூசிய ஊசிகள். பக்கத்துக் கம்பியைச் சற்றே வெளியே தள்ளித் தூக்கினால் துளைகள் பிடியைத் தளர்த்தும். பிராசஸரின் மூலையிலுள்ள பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு சேர்த்து வைத்தால் போதும். பிராசஸர் தன் எடையிலேயே இறங்கி உட்காரும். அழுத்தத் தோன்றினால் எங்கோ கோணல் என்று பொருள். கம்பியை இறக்கும்போது விரலில் லேசாக ஓர் எதிர்ப்பு, முடிவில் சின்னதாக ஒரு ‘கிளிக்’. அவ்வளவுதான் வேலை.

இந்தச் சாக்கெட்டின் பொறுமையும் ரசிக்கத்தக்கது. 2017இல் முதல் ரைசன் பிராசஸரை ஏற்ற பல போர்டுகள், பயாஸைப் புதுப்பித்ததும் 2022இல் வந்த 5800எக்ஸ்3டியையும் ஏற்றுக்கொண்டன. ரேமும் பெட்டியும் அப்படியே இருக்க, வேகம் மட்டும் கூடியது. அவசரப்படாமல் காத்திருந்தவர்களுக்கு நல்ல லாபம். மாற்றப்போகிறவர்கள் பழைய பிராசஸர் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். கூலரைக் கழற்றுமுன் கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு இடையிலுள்ள தெர்மல் பேஸ்ட்டை இளகவிடுங்கள். இல்லாவிட்டால் பிராசஸரும் கூலரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம்.