முதலில் மண், பிறகு செடி

பூவின் அழகில் மயங்கிச் செடியை வாங்கிவிட்டு, பிறகு அதற்கு இடம் தேடுவது நம்மில் பலருக்கு வழக்கம். இந்த வரிசையை மாற்றச் சொல்லும் இரு நூல்கள் இங்கிலாந்தில் வெளிவந்தன. பெத் சாட்டோ எழுதிய 'தி டிரை கார்டன்' (1978) வறண்ட மண்ணைப் பற்றியது. 'தி டாம்ப் கார்டன்' (1982) ஈர மண்ணைப் பற்றியது.

நூலாசிரியை (1923–2018) எஸ்ஸெக்ஸில் 1960ஆம் ஆண்டு தோட்டம் போடத் தொடங்கினார். ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையே பெறும் பகுதி அது. அவருடைய நிலத்தில் மேட்டில் சரளை; பள்ளத்தில் ஊற்றுநீர் தேங்கும் சேறு. ஒவ்வொரு செடியும் இயற்கையில் எங்கே வளர்கிறது என்பதை அவருடைய கணவர் ஆண்ட்ரூ பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சிதான் இந்நூல்களுக்கு உரம். 1990களின் தொடக்கத்தில் வண்டிகள் நிறுத்திய சரளைத் திடலையும் அம்மையார் தோட்டமாக்கினார். செடிகள் வேரூன்றிய பின் அங்கே நீர் பாய்ச்சுவதில்லை. இம்முறைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதன் அறிவியல் எளிது. லாவெண்டரின் குறுகிய, நரைத்த இலைகள் நீர் வீணாகாமல் காக்கின்றன. அதைச் சேற்றில் நட்டால் வேர் அழுகிவிடும். காரணம் நீர் மட்டுமன்று, காற்றின்மையும்தான். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண்ணின் துளைகளை நீர் அடைத்தால் வேர் திணறும். நாணலுக்கோ தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உண்டு. ஆகையால் அது சேற்றிலும் செழிக்கிறது. லாவெண்டருக்கு இல்லாத இந்த அமைப்பை எந்த உரமும் தந்துவிடாது.

ஆனால் தமிழ் வாசகர் ஒரு குறையையும் காண்பார். நிலத்தை வறண்டது, ஈரமானது என்று பிரித்து இரு நூல்களில் அடைப்பது, மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யும் நாட்டுக்குப் பொருந்தும். நம் களிமண் நிலமோ ஐப்பசியில் சேறு. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் பாளம். இதற்கு எந்த நூலைப் புரட்டுவது? அவற்றின் செடிப்பட்டியல் நமக்கு உதவாது. ஆராயும் முறைதான் உதவும். அம்முறைப்படி பார்த்தால், வெள்ளத்தையும் வறட்சியையும் ஒருங்கே தாங்கும் புங்கமும் நொச்சியும் நம் கண்ணில் படும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் ஓரடி ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். மறுநாளும் நீர் நின்றால் அங்கே வடிகால் இல்லை. அதே இடத்தைக் கோடையில் தோண்டி, எவ்வளவு ஆழத்தில் ஈரம் தட்டுப்படுகிறது என்று பாருங்கள். இவ்விரண்டும் தெரிந்த பிறகு நாற்றுப் பண்ணைக்குச் செல்லுங்கள். செடியும் பிழைக்கும், பணமும் மிஞ்சும்.