சாப்பிடவா, பார்சலா?: எச்சில் குறித்துச் சில குறிப்புகள்

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டிபன் கடை. பெயர் வேண்டாம். பத்து வருடமாக என் காலை இட்லி அங்கேதான். ஒரு காபியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஃபூக்கோவிலிருந்து உள்ளூர் கவுன்சிலர் வரைக்கும் பேசியிருக்கிறோம். ‘இங்கு அரசியல் பேசக்கூடாது’ என்ற போர்டுக்கு நேர் கீழேதான் பேசினோம். யாரும் எழுந்திருக்கச் சொன்னதில்லை. கல்லாவில் இருப்பவர் படியேறுகிற ஒவ்வொருவரிடமும் ‘சாப்பிடவா, பார்சலா?’ என்று கேட்பார். எல்லோரிடமும் கேட்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், கால்வாய் அடைப்பு எடுத்துவிட்டு மூன்று பேர் வந்தார்கள். துப்புரவுப் பணியாளர் சீருடை. அவர்களிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. அவர்கள் வாய் திறக்குமுன்பே ‘மூணு பார்சல்’ என்று குரல் உள்ளே போய்விட்டது. பொட்டலம் படிக்கு வெளியே கைமாறியது. எதிரே மின்கம்பத்தடியில் குந்தி உட்கார்ந்து பிரித்துச் சாப்பிட்டார்கள். என் மேசையிலேயே மூன்று இடம் காலி. அப்போது என் கையில் இருந்தது என்னுடைய ஒரு கட்டுரையின் மெய்ப்பு. அதில் ‘பொதுவெளி’ என்ற சொல் குறைந்தது ஆறு முறை வருகிறது.

நண்பரிடம் சொன்னேன். ‘சேத்தோட வந்தா எவன்யா உள்ள விடுவான், இதுல போய் சாதியத் தேடறீங்களே’ என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே மின்சார ரயில் பணிமனை இருக்கிறது. ஷிப்ட் முடிந்து கிரீஸ் கையோடு வருகிறவர்கள் அதே பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள். ‘கை கழுவிட்டு வாங்க’ என்பதோடு சரி. கிரீஸ் அழுக்கு, சோப்புப் போட்டால் போய்விடும். சேறு அழுக்கு இல்லை, தீட்டு. பணிமனைக்காரர்களை வாஷ்பேசின் பக்கம் அனுப்பிய கடை இவர்களைத் தெருப்பக்கம் அனுப்பியது.

ஓட்டலில் உட்காருவது தமிழ்நாட்டில் சும்மா கிடைத்த பழக்கம் இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்து 1924-25இல் எழுந்த கலகம் பெரியாரின் அரசியலையே திருப்பிப் போட்டது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில் பார்ப்பனருக்கும் மற்றவருக்கும் தனித்தனி இடம் என்பது 1941 வரை இருந்தது. திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற ஒரு சொல்லுக்காக 1957இல் தொடங்கி மாதக்கணக்கில் தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை 1943இல் கடவுளையே ஓட்டலுக்குக் கூட்டிப்போய்க் காபி குடிக்கவைக்கிறார். சிக்கரி பற்றியெல்லாம் பேச்சு நடக்கிறது. கடவுளோடு வந்தவர் ஒரு பிள்ளைமார் என்பதால் வாசலில் சிக்கல் இல்லை. கடவுள் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பிரதியைத் திருப்பி வாசிக்கலாம். நாம் வாசித்ததில்லை.

இந்தப் போராட்டங்கள் பெரும்பாலும் பலகையை, பந்தியை, குவளையைக் குறிவைத்தவை. பார்சல் இவற்றில் எதிலும் சேராமல் பக்கவாட்டில் நழுவிப் போய்விட்டது.

பார்சலின் இலக்கணம் என்ன? சாப்பாட்டைப் பற்றிய நம் எல்லா விதிமுறைகளுக்கும் அடியில் இருப்பது எச்சில். உட்கார்ந்து சாப்பிட்டால் இலை எச்சிலாகிறது, டம்ளர் எச்சிலாகிறது, அதை ஒருவர் எடுக்கவேண்டும், கழுவவேண்டும். யார் எச்சிலை யார் எடுப்பது என்பதுதான் சாதியின் ஆரம்பப் பாடம். கிராமத்து டீக்கடையில் தலித்துகள் தங்கள் குவளையைத் தாங்களே கழுவிவைக்க வேண்டியிருந்தது இதனால்தான். பார்சலில் இந்தப் பிரச்சினையே எழாது. எச்சிலாவதற்கு முன்பே சோறு கடையைத் தாண்டிவிடுகிறது. வாங்குகிறவரே சாப்பிட்டு, வாங்குகிறவரே குப்பையில் போட்டுவிடுகிறார். கடைக்குள் விழுவது காசு மட்டும். காசுக்கு எச்சில் கிடையாதே!

இரட்டைக் குவளைக்கு எதிராகப் போராட்டமும் வழக்கும் வந்த பிறகு பல ஊர்களில் பிளாஸ்டிக் கப்பும் பேப்பர் கப்பும் நுழைந்தன. சில கடைகளில் எல்லோருக்கும், சில கடைகளில் ‘அவர்களுக்கு’ மட்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் அரசு தடைசெய்தபோது நாம் சுற்றுச்சூழல் பற்றி மட்டும் பேசினோம். அந்தக் கப் எதை மறைத்துக்கொண்டு வந்தது என்று பேசவில்லை. 1955ஆம் ஆண்டுச் சட்டம் (1976க்குப் பிறகு குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்) உணவகத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தால் தண்டிக்கும். அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுத்தாலும் தண்டிக்கும். பார்சலில் யாரும் தடுக்கப்படவில்லை, பாத்திரமும் இல்லை. கேட்கப்படாத ஒரு கேள்வியை எந்த இன்ஸ்பெக்டர் எஃப்.ஐ.ஆரில் எழுதுவார்?

நீதிமன்றம் வேறொரு வழக்கில், வேறு காரணத்துக்காக, இந்த வித்தியாசத்தைத் துல்லியமாகத் தொட்டது. பார்சல் உணவுக்குச் சேவை வரி கேட்ட வழக்கில் 2021இல் சென்னை உயர்நீதிமன்றம், பார்சல் கொடுப்பது வெறும் விற்பனை, அதில் சேவை இல்லை, ஆகவே சேவை வரியும் இல்லை என்றது. வரிச் சட்டப்படி சரியான தீர்ப்புதான். நான் அதை எங்கள் கடை வாசலில் வைத்து வாசிக்கிறேன். உட்காருகிறவருக்குத் தண்ணி வைப்பார்கள், ‘இன்னும் சாம்பார்?’ என்று கேட்பார்கள். வெளியே நிற்கிறவருக்கு நடப்பது விற்பனை.

எம்.ஏ. வகுப்பில் விருந்தோம்பல் அதிகாரத்துக்கு நாலு பக்கம் உரை எழுதி மார்க் வாங்கியவன் நான். முகம் கொஞ்சம் மாறினாலே விருந்தினர் வாடிவிடுவார் என்பதற்கு அனிச்சப்பூவை வைத்து ஒரு பக்கம். விருந்தினருக்குப் பார்சல் உண்டா என்று எந்தப் பேராசிரியரும் கேட்கவில்லை.

இங்கே ஒரு தோழியின் மறுப்பைப் பதிவுசெய்தாக வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை செய்கிறவர். ‘உங்களுக்கு பெஞ்சு புரட்சி. ராத்திரி ஒம்பது மணிக்குப் பரோட்டா கடையில ஒரு பொம்பள தனியா உக்காந்தா கடையே திரும்பிப் பாக்கும். ஃபேமிலி ரூம்னு ஒரு தட்டிக்குப் பின்னாடி தள்ளுவான். எனக்குப் பார்சல்தான் சுதந்திரம். சால்னாவ ரூம்ல கால நீட்டி உக்காந்து ஊத்திச் சாப்புடுவேன்.’ இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பார்சல் சாப்பாடு ஒன்று வாங்கி இரண்டு பேர் பசியாறுகிற வீடுகளும் இங்கே நிறைய. ஆகவே பார்சலை எதிர்ப்போம் என்று கோஷம் போட நான் வரவில்லை. ஆனால் தோழியை விரட்டுகிற பார்வையும் அந்த மூன்று பேரை நிறுத்திய குரலும் ஒரே பெஞ்சிலிருந்துதான் வருகின்றன. பெஞ்சு ஆண்களுடையது, அதிலும் குறிப்பிட்ட ஆண்களுடையது. நான் ஒரு மணி நேரம் உட்கார்ந்ததை என் சிந்தனையின் ஆழம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அது சலுகை.

சமபந்தியால் மட்டும் சாதி சாகாது, அகமணம் உடையவேண்டும் என்று 1936இலேயே அம்பேத்கர் வாதிட்டுவிட்டார், இன்னும் பெஞ்சைப் பிடித்துத் தொங்குவானேன் என்று கேட்கலாம். அவர் சொன்னது சரி. சுதந்திர தினத்தன்று கோயில்களில் அதிகாரிகள் கேமராவுக்கு முன்னால் சாப்பிடும் சமபந்தி விருந்தைப் பார்த்தாலே அது புரியும். ஆனால் சமபந்தி வருடத்துக்கு ஒருநாள் நிகழ்ச்சி. டிபன் கடை தினமும் மூன்று வேளை.

எதிர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். 2013இல் அம்மா உணவகம் வந்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் அய்ந்து ரூபாய், பார்சல் கிடையாது. மலிவு விலைச் சோற்றை வாங்கி வெளியே விற்றுவிடக்கூடாது என்ற நிர்வாகக் கவலைதான் அந்த விதிக்குக் காரணமாக இருக்கும். ஆனால் அதன் விளைவாக அம்பத்தூரில் மூட்டை தூக்குகிறவரும் பெருக்குகிறவரும் கடன் வாங்கி டிகிரி முடித்த பையனும் ஒரே உயரமான மேசையில் தட்டை வைத்து நின்று சாப்பிட்டார்கள். அங்கே யாருக்கும் பெஞ்சு இல்லை. சமத்துவம் என்று பெரிய பெயர் வைக்கமாட்டேன். ‘பார்சலா?’ என்று யாரும் தீர்மானிக்க முடியாத ஓர் இடம், அவ்வளவுதான்.

இப்போது வாசலே செல்போனுக்குள் வந்துவிட்டது. 2020, 2021 ஊரடங்குகளில் கொஞ்ச காலம் எல்லோருக்குமே பார்சல் மட்டும்தான். பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அப்போது ‘ஓட்டல்ல உக்காந்து சாப்புட முடியலயே’ என்று மத்தியதர வர்க்கம் புலம்பியதை நான் நிறையக் கேட்டேன், நானும் புலம்பினேன். 2024 மார்ச்சில் சொமாட்டோ, சைவம் மட்டும் கொண்டுவர பச்சைச் சீருடையில் தனி ஆட்கள் என்று அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும் ஒரே நாளில் சீருடையின் நிறத்தை மட்டும் மாற்றிக்கொண்டு, பிரிவினையை வைத்துக்கொண்டது. உணவுப் பொட்டலம் மூடி ஒட்டப்பட்டிருக்கிறது. இருந்தும் அடுத்த பையின் வாசம்கூட ஆகாதாம். பொட்டலத்தைத் தூக்கி வருகிற பையன் ஓட்டல் வாசலில் எவ்வளவு நேரம் நிற்கிறான், அவனுக்கு உட்கார ஒரு ஸ்டூல் உண்டா என்று பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் கடைக்கே திரும்புகிறேன். கல்லாக்காரரிடம் கேட்டேன். ‘அவங்களே பார்சல்தான் சார் கேப்பாங்க. பழக்கம்’ என்றார். ‘கேட்டுத்தான் பாருங்களேன்’ என்றேன். அடுத்த வாரம் அவர்கள் வந்தபோது, என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, கொஞ்சம் உரக்கவே கேட்டார். மூவரில் பெரியவர் பார்சல் என்றார். நான் எழுந்து வெளியே போய், ‘உள்ள எடம் இருக்குண்ணே, வாங்களேன்’ என்றேன். அவர் பொட்டலத்தின் நூலை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: ‘உள்ள உக்காந்தா ரெண்டாவது தடவ சட்னி கேக்கணும் சார். கேட்டா ஒரு மாதிரி பாப்பாங்க. இதுல ரெண்டு பாக்கெட்டா வாங்கிட்டா யாரையும் கேக்க வேணாம்.’

நான் உள்ளே திரும்பி வந்தேன். என் தட்டில் கேட்காமலேயே சட்னி ஊற்றப்பட்டிருந்தது.