பங்குக்கு வராத வரி

2017 ஜூலைக்கு முன் தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையாறு சோதனைச் சாவடியைக் கடக்கச் சரக்கு லாரிகள் நெடுநேரம் வரிசையில் காத்துக் கிடந்தன. ஜி.எஸ்.டி. வந்தபின் அந்த நிலை மாறியது. விற்பனை வரி விதிக்கும் உரிமையை மாநிலங்கள் பெருமளவு விட்டுக்கொடுத்ததன் பலன் அது. ஈடாக ஜி.எஸ்.டி. கவுன்சிலில் அவற்றுக்கு இடம் கிடைத்தது. அங்கே உத்தரப் பிரதேசத்துக்கும் சிக்கிமுக்கும் ஒரே அளவு வாக்கு. 2019 டிசம்பரில் லாட்டரி வரி குறித்து முதல் வாக்கெடுப்பு நடக்கும்வரை எல்லா முடிவுகளும் பேசியே எடுக்கப்பட்டன. இத்தனை மொழிகளும் கட்சிகளும் உள்ள நாட்டில் இது உண்மையான சாதனை.

ஆனால் வாக்குக் கணக்கு சமமாக இல்லை. ஒன்றிய அரசின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தாலும் டெல்லியின் சம்மதமின்றி ஒரு வரி விகிதத்தைக்கூட மாற்ற முடியாது.

இதைவிடப் பெரிய ஓட்டை கவுன்சிலுக்கு வெளியே இருக்கிறது. 15ஆவது நிதி ஆணையம் ஒன்றிய வரிகளில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. குறிப்பிட்ட தேவைக்கென விதிக்கும் செஸ், கூடுதல் வரி ஆகியவற்றின் வசூல் இந்தப் பங்கீட்டுக்குள் வராது. அரசியல் சட்டமே அப்படி விலக்கி வைத்திருக்கிறது. விளைவைப் பெட்ரோலில் பார்க்கலாம். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு லிட்டருக்கு ஒன்றிய வரி 19 ரூபாய் 90 காசாக இருந்தது. அதில் பங்கிடத்தக்க அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசாகத்தான் இருந்தது. அதன் 41 விழுக்காடு 57 காசு. எல்லா மாநிலங்களும் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது அவ்வளவே.

தெற்கின் புலம்பல் என்று இதை ஒதுக்குவோர் பங்கீட்டுப் பட்டியலைப் பார்க்கட்டும். பங்கிடும் தொகையில் தமிழ்நாட்டுக்கு 4 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பீகாருக்கு 10, உத்தரப் பிரதேசத்துக்கு ஏறத்தாழ 18. பங்கிடும் தொகை சுருங்கினால் அதிகம் இழப்பது அவ்விரு மாநிலங்கள்தான். சொந்த வருவாய் குறைந்த பீகாருக்கு அந்த இழப்பு பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் இருக்கும்.

பாதுகாப்பு, பேரிடர் போன்ற தேவைகளுக்கு ஒன்றிய அரசுக்குத் தனி நிதி வேண்டும் என்பது நியாயமே. அதற்காக வைத்த விதிவிலக்கு வழக்கமான வருவாயாகிவிட்டதுதான் குற்றம். மொத்த வரியில் செஸ்ஸும் கூடுதல் வரியும் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று அரசியல் சட்டத்தில் உச்சவரம்பு எழுதப்பட வேண்டும். அந்தத் திருத்தத்தைச் சென்னையும் பாட்னாவும் சேர்ந்து கேட்க வேண்டும்.