அச்சத்தின் தோற்றுவாய்: மாணவர் ஆக்கும் மர்மப்படத் தொடக்கம் பற்றிய ஓர் ஆய்வு

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்பது நம் பழைய இலக்கண ஆசிரியர் துணிபு. பாயிரம் இல்லாத நூலுள் புகுவோன் இருளிடைப் புகுந்தவன்போல் இடர்ப்படுவான். திரைப்படத்துக்கும் அவ்வாறு ஒரு பாயிரம் உண்டு. ஆயின் மர்மப்படத்தின் பாயிரம் ஒருவகையில் விந்தையானது. இருளை நீக்குவது அதன் தொழிலன்று. காண்போனை இருளின் வாயிலில் நிறுத்தி, உள்ளே செல்லவேண்டும் என்ற விருப்பத்தையும் செல்லலாகாது என்ற அச்சத்தையும் ஒருங்கே எழுப்புவதே அதன் தொழிலாகும். இத்தகைய தொடக்கமொன்றை மாணவர் தாமே ஆக்கித் தாமே மதிப்பிடுதல் எத்துணைக் கல்விப் பயன் உடையது, நமது மலையகத்து மாணவர் அதனை எவ்வாறு மேற்கொள்ளல் தகும் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

இப்பயிற்சி புதியதன்று. இங்கிலாந்தில் ஓ.சி.ஆர். என்னும் தேர்வுச் சபை 2008 ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் உயர்தர ஊடகக் கல்வி மாணவர்க்கு இதனைப் பாடவேலையாக விதித்திருந்தது. புனைகதைத் திரைப்படம் ஒன்றன் பெயர்ப்பட்டியலையும் தொடக்கத்தையும் இரண்டு நிமிடங்களுக்கு மேற்படாமல் ஆக்குதல் வேண்டும். ஆய்வுக்கும் திட்டத்துக்கும் 20 புள்ளிகள், ஆக்கத்துக்கு 60, மதிப்பீட்டுக்கு 20 என வகுத்திருந்தனர். மதிப்பீட்டுக்கென ஏழு வினாக்கள் விடுத்தனர். வழக்கிலுள்ள மரபுகளை உமது ஆக்கம் எவ்வாறு ஏற்றது, வளர்த்தது, மறுத்தது என்பது முதல் வினா. குறித்த சமூகத்தாரை அது எவ்வாறு காட்டுகின்றது என்பது இரண்டாம் வினா. ஏனையவை பார்வையாளர், வெளியீட்டு நிறுவனம், கருவிகள் முதலியன பற்றியவை. மாணவர் பலர் தேர்ந்துகொண்டது மர்மப்பட வகையே. நாளொன்றிற் படமாக்கத்தக்க கதையும் குறைந்த செலவும் அதற்குக் காரணங்களாகலாம்.

புள்ளிப் பங்கீட்டை நோக்கின் ஆக்கமே பெரிது, மதிப்பீடு சிறிது எனத் தோன்றும். கல்விப் பயனை நோக்கின் நிலைமை மாறும். கைத்தொலைபேசி ஒன்றிருப்பின் படம் பிடித்தல் இன்று எவர்க்கும் இயலும். தாம் பிடித்த படத்தைப் பிறன் படமென எண்ணி நடுவுநிலையில் நின்று நோக்குதல் அரிது. இலங்கைப் பாடசாலைகளிலும் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடம் பயிலப்படுகின்றது. அதனைக் கற்பிப்போரும் கற்போரும் மேற்கூறிய முதலிரு வினாக்களை உளங்கொள்ளுதல் நன்று. அவ்விரண்டும் வெவ்வேறு வினாக்கள் போலத் தோன்றினும் உண்மையில் ஒன்றோடொன்று பின்னியவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதற்கண், மர்மப்படத்தின் சுவை யாதெனத் தெளிதல் வேண்டும். மாணவருட் பலர் அதனை மறைத்தலால் வருஞ்சுவை என எண்ணுவர். முகத்தை மூடிய ஒருவன், ஆளற்ற பாதை, திடீரென எழும் பேரோசை என்பனவற்றால் தொடக்கத்தை நிரப்புவர். இவற்றால் விளைவது திடுக்கம். அது கணப்பொழுதில் அடங்கிவிடும். அல்பிரட் ஹிச்கொக் பிரான்சிய இயக்குநர் துரூபோவோடு 1962 இல் நிகழ்த்திய உரையாடலில் இவ்வேறுபாட்டை நன்கு விளக்கினார். மேசையின் கீழ் வெடிகுண்டு இருப்பதை நாம் அறியாதிருக்க அது வெடிக்குமாயின், நாம் அடைவது சில நொடித் திடுக்கம். குண்டு இருப்பதை நாம் அறிந்திருக்க, மேசையிலிருப்போர் அறியாமற் பேசிக்கொண்டிருப்பாராயின், அவர்தம் வெறும்பேச்சும் நம்மைப் பதைபதைக்கச் செய்யும். ஆகவே பதைப்பு அறிவினின்று பிறப்பது, அறியாமையினின்று பிறப்பதன்று.

இக்கருத்து நமக்கு அயலானதன்று. சிலப்பதிகாரத்தின் பதிகம் கதையின் முடிவை முன்னரே கூறிவிடுகின்றது. அதனை அறிந்த பின்னும், கோவலன் சிலம்போடு மதுரைத் தெருவில் நடந்து பொற்கொல்லனை எதிர்ப்படுங்கால் நம் நெஞ்சு துணுக்குறுகின்றது, அறிந்தமையாலேயே துணுக்குறுகின்றது. நம் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தும் அத்தன்மையதே. சிவனது நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிவான் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். எனினும் எரியும் இரவு நெருங்க நெருங்கக் கூட்டத்தில் ஓர் அமைதி பரவுகின்றது. இரதியின் புலம்பல் ஆண்டுதோறும் புதிதாகவே ஒலிக்கின்றது. காமன் கூத்தைக் கண்டு வளர்ந்த மாணவன் பதைப்பின் இலக்கணத்தை ஒருவாற்றான் ஏலவே கற்றவனாகின்றான்.

இனி, சிறந்த தொடக்கங்கள் சிலவற்றை நோக்குவாம். தமிழில் 1954 இல் வெளிவந்த ‘அந்த நாள்’ எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாடல்களே இல்லாத முதற் தமிழ்ப்படம் எனப் போற்றப்படுவது. 1943 இல் சென்னைமீது யப்பானியர் குண்டு வீசிய நாட்களையொட்டிக் கதை நிகழ்கின்றது. துப்பாக்கி வெடிக்கின்றது, வானொலிப் பொறியியலாளன் இராஜன் உயிர்விடுகின்றான். அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் இறுதிவரை நம்மோடு வருவான் என்ற உறுதி முதற் காட்சியிலேயே தகர்க்கப்படுகின்றது. கொலையை மறைக்காமற் காட்டிக், கொலைஞரை மட்டும் மறைத்தமை இத்தொடக்கத்தின் திறன். ஹிச்கொக்கின் ‘சைக்கோ’ (1960) வேறொரு வழியைக் கைக்கொள்கின்றது. நகரின் பெயர், நாள், பிற்பகல் மணி, நிமிடம் என்பன திரையில் எழுத்தாகத் தோன்றுகின்றன. பின்னர் எண்ணற்ற சாளரங்களுள் ஒன்றனுட் கமரா புகுகின்றது. அச்சமூட்டுவது யாதும் அங்கில்லை. ஆயினும் இத்துணை நுணுக்கமாக நேரம் குறிக்கப்பட்டமையின் யாதோ நிகழவிருக்கின்றது என்ற எண்ணம் நம்மைப் பற்றிக்கொள்கின்றது. இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞராகிய கார்த்திக் நரேன் ஆக்கிய ‘துருவங்கள் பதினாறு’ (2016) படத்தில், ஓய்வுபெற்ற காவல் அதிகாரி ஒருவர் தம் பழைய வழக்கை ஓர் இளைஞனுக்குச் சொல்லத் தொடங்குகின்றார். கேட்போன் யார் என்ற வினாவை எழுப்பத் தோன்றாதவாறு நம் கவனம் கதையின்மேற் செலுத்தப்படுகின்றது. இம்மூன்றிலும் பொருட்செலவு சிறிது; எதைக் காட்டுவது, எதை ஒளிப்பது என்ற தெரிவே பெரிது.

இங்ஙனம் மரபுகளைக் கற்ற பின் எழும் வினா, அவற்றை எங்ஙனம் நமதாக்குவது என்பதே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் தோன்றும் நிலைக்களன்களை அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்காக வகுத்தார். இப்பகுப்பைக் கொண்டு தன் ஊரை ஒருமுறை சுற்றிவரும் மாணவனுக்குக் கதைப்பொருளில் வறுமை இராது. அணங்கு: தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரத்துக்குக் காவலாக ரோதை முனியை வழிபடும் வழக்கம் நம்மிடை உண்டு. விலங்கு: தேயிலைச் செடிகளுக்கிடையே சிறுத்தை நடமாடுதல் கொழுந்து பறிப்போர் நன்கறிந்த செய்தி. கள்வர்: இஃது எவ்வூர்க்கும் பொது. இறை: இதுவே நம் வரலாற்றில் மிக ஆழ்ந்தது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்னும் படிநிலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களுக்கு அதிகாரத்தின் காலடியோசை வெறும் ஓசையன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசாங்க முத்திரையிட்ட கடிதமொன்று துப்பாக்கியினும் கொடிதாக இருந்தது. மேசைமேற் பிரிக்கப்படாது கிடக்கும் அக்கடிதமே ஒரு மர்மப்படத்தின் முதற் காட்சியாகலாம்.

இடங்களும் அவ்வாறே. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையேயுள்ள சிங்கமலைச் சுரங்கம், நீர் வற்றுங்கால் பழைய மஸ்கெலியாவின் வழிபாட்டிடங்களை வெளிக்காட்டும் மவுசாக்கலை நீர்த்தேக்கம், 1974 டிசம்பர் 4 ஆந் திகதி யாத்திரிகர் விமானமொன்று மோதி 191 பேர் மாண்ட ஏழு கன்னிமலை ஆகியன புனைவு வேண்டாத மர்மங்கள். ஆயினும் பிறர் இம்மலைகளைக் கண்ட விதம் வேறு. குவாய் நதிப் பாலம் பற்றிய புகழ்பெற்ற ஆங்கிலப் படம் (1957) கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. அங்கு நம் ஆறு சீயத்து ஆறாயிற்று. இந்தியானா ஜோன்ஸ் வரிசைப் படமொன்று (1984) கண்டிப் புறத்தை இந்தியாவாகக் காட்டியது. மலை பிறர் கதைக்குத் திரைச்சீலையாயிற்று. மலைவாழ் மாந்தர் கதை அதில் இடம்பெறவில்லை. ‘தோட்டக்காரி’ (1963), வீ. பி. கணேசனின் ‘புதிய காற்று’ (1975) முதலிய இலங்கைத் தமிழ்ப்படங்கள் தோட்ட மக்களைக் கதையின் நடுவில் வைக்க முயன்றன. மாணவரது இரண்டு நிமிடம் இவ்விரு வழிகளுள் எதனைச் சாரும் என்பதே மேற்கூறிய இரண்டாம் வினாவின் உட்கிடை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். இரவு, மழை, லயத்து அறையொன்றின் கதவு தட்டப்படுகின்றது. உலகெங்கும் மர்மப்படங்கள் வழங்கும் மரபு இது. ஆயின் 1977, 1981, 1983 ஆண்டுகளின் வன்செயல்களைத் தோட்டங்களில் அனுபவித்த முதியோர் அவ்வோசையைக் கேட்பின் அவர் உள்ளத்தில் எழுவது திரையரங்கின் இன்ப அச்சமன்று. மழையோசையும் அவ்வாறே. 2014 ஒக்ரோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்த பின்னர், மலைச்சரிவில் வாழ்வோர்க்குத் தொடர்மழை ஓர் எச்சரிக்கை. ஆகவே மரபை ஏற்றோமா என்ற வினாவும், சமூகத்தாரை எவ்வாறு காட்டினோம் என்ற வினாவும் இங்கே ஒன்றாகின்றன. மரபு ஓர் ஊரிற் பொருள்படுவது போல மற்றோர் ஊரிற் பொருள்படாது.

இதனால் மாணவர் இத்தகைய பொருள்களைத் தொடலாகாது என்பது எம் கருத்தன்று. தொடாது விடின் எஞ்சுவது இரவல் அச்சமே. நோக்கவேண்டியது யாருடைய கண்ணால் காட்சி காணப்படுகின்றது என்பது. கதவுக்கு வெளியே நிற்பவன் தோளின் பின்னிருந்து கமரா நோக்குமாயின், உள்ளிருப்போர் வேட்டைப் பொருளாவர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையின் உள்ளே கமரா நிற்குமாயின், விளக்கைத் தணிக்கும் தாயின் கையும், குழந்தையின் வாயைப் பொத்தும் பாட்டியின் விரல்களும் நமக்குத் தெரியும். அவர்தம் அச்சம் நம் அச்சமாகும். செலவு இரண்டுக்கும் ஒன்றே, அறம் வேறு. கலையும் வேறு என்பதையும் சேர்த்துக் கூறல் தகும். முன்னையதிற் பிறப்பது திடுக்கம், பின்னையதிற் பிறப்பது பதைப்பு.

ஓசையும் இவ்வாறு ஆளப்படல் வேண்டும். இணையத்திற் கிடைக்கும் ஆயத்த இசையை ஒட்டுவதால் எல்லாப் படங்களும் ஒரே குரலிற் பேசுகின்றன. விடியற்காலையிற் பிரட்டுக்கு அழைத்த தப்போசையைத் தோட்டத்து மூத்தோர் மறவார். அத்தப்பு நள்ளிரவில் ஒலிப்பதாகக் கற்பனை செய்க. அந்நியர் ஒருவர்க்கு அது வெறும் பறையொலி. தோட்டத்தார்க்கோ யாதோ தவறு நிகழ்ந்துவிட்டதென்ற செய்தி. பெரிய இசைக்குழுவும் செய்யாததை அது செய்யும்.

முடிவாக, மதிப்பீட்டுக்குச் சில நெறிகள் கூறலாம். படத்தை ஒருமுறை ஓசையின்றியும், ஒருமுறை காட்சியின்றியும் நோக்குக; இரண்டிலும் பொருள் எஞ்சுகின்றதா எனக் காண்க. கதையறியாத ஒருவர்க்கும், அவ்வூர் வாழ்வறிந்த முதியவர் ஒருவர்க்கும் காட்டுக. முன்னவர் ‘அடுத்து என்ன?’ என வினவ வேண்டும். பின்னவர் ‘இது நம் வீடுதான்’ என ஒப்ப வேண்டும். இருவருள் ஒருவர் மட்டும் நிறைவெய்தினால் ஆக்கம் பாதியே. நண்பர் புகழ்ந்தனர் என்று எழுதுவது மதிப்பீடாகாது. எந்த நொடியில் அவர் பார்வை திரையினின்று விலகிற்று என்று குறித்து, அதற்குக் காரணம் காண்பதே மதிப்பீடு.

இரண்டு நிமிடப் படத்துக்கு இத்துணை ஆராய்ச்சி வேண்டுமோ என வினவுவார் உளர். பாயிரம் சிறிதாயினும் நூல் எத்திசைச் செல்லும் என்பதை அதுவே துணிகின்றது. நம் மலைநாட்டின் கதையைத் திரையிற் சொல்லப்போகும் தலைமுறை இப்பொழுது வகுப்பறையில் இருக்கின்றது. அவர்தம் முதற் காட்சி இரவல் நிழலினின்று தொடங்காமல், தாம் அறிந்த இருளினின்று தொடங்குமாறு வழிப்படுத்தல் ஆசிரியர் கடன். அவ்விருளில் வாழ்ந்தோரை மதித்து விளக்கேந்துதல் மாணவர் கடன்.